லாங்லீஃப் பைனா, லாப்லாலி பைனா?

இரண்டும் அமெரிக்கத் தென்கிழக்கின் பைன் மரங்கள். அங்கே ஜார்ஜியா, அலபாமா பக்கம் நிலம் வைத்திருப்பவர் மரம் நட்டுச் சீக்கிரம் காசு பார்க்க வேண்டுமென்றால் லாப்லாலிதான். மளமளவென வளரும், 15, 20 ஆண்டுகளில் காகித ஆலைக்கு முதல் லோடு போய்விடும்.

லாங்லீஃப் அப்படியில்லை. முதல் சில ஆண்டுகள் புல் குத்துபோலத் தரையோடு கிடக்கும். வேர் மட்டும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். தீ வந்தால் நீண்ட ஊசியிலைகள் கருகும், நடுமொட்டு தப்பிவிடும். அதே தீயில் இளம் லாப்லாலி செத்துப்போகும். 2, 3 ஆண்டுக்கொருமுறை காட்டுத் தரையை அளவாகக் கொளுத்தினால்தான் அடியில் புல் செழிக்கும், அங்கு வளை தோண்டி வாழும் கோஃபர் ஆமைக்கு மேய்ச்சல் கிடைக்கும். மரவெட்டு, விவசாயம், தீத்தடுப்பு எல்லாம் சேர்ந்துதான் சுமார் 9 கோடி ஏக்கர் லாங்லீஃப் காட்டை ஒரு கட்டத்தில் சுமார் 30 லட்சமாகச் சுருக்கின.

பொறுமையும் தீ வைக்கத் தெரிந்த ஆளும் இருந்தால் என் ஓட்டு லாங்லீஃபுக்கே. பக்கத்தில் வீடுகள் இருந்தால் புகையை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.