நாய்ச் சொறிக்கு "மூன்றே நாளில் குணம்" தரும் சீனப் பொடி: வாங்குமுன் படியுங்கள்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் நாய் வளர்ப்பவர்களிடையே ஒரு பழுப்புப் பொடி இணையம் வழியாகக் கைமாறுகிறது. வெள்ளை டப்பா, உள்ளே ஒரு சின்னக் கரண்டி, 180 ரிங்கிட். "முழுக்க சீன மூலிகை, ஸ்டீராய்டு இல்லை, பக்கவிளைவு இல்லை" என்று லேபிள் சொல்கிறது. மூலிகைகளின் பெயரோ எடையோ தயாரித்த இடமோ அதில் இல்லை. கேட்டால் "பரம்பரை ரகசியம்" என்பதுதான் பதில்.

ஏழு கிலோ எடையுள்ள ஒரு ஷிட்ஸு இன நாய்க்கு இதைக் காலையும் மாலையும் அரைக் கரண்டி கொடுத்தார்கள். இரண்டாம் நாளே சொறிதல் நின்றது. சில வாரங்களில் நாய் ஓயாமல் தண்ணீர் குடித்தது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தது, எந்நேரமும் பசியோடு திரிந்தது. வயிறு தொங்கியது, முதுகில் முடி மெலிந்தது. விற்றவரிடம் சொன்னதற்கு, "உடம்பிலுள்ள நச்சு வெளியேறுகிறது, அளவைக் கூட்டுங்கள்" என்றார். அடுத்த டப்பா வரத் தாமதமாகி மருந்து நின்றதும் நாய் வாந்தியெடுத்து, உணவை மறுத்து, எழ முடியாமல் சுருண்டுவிட்டது.

மருத்துவமனையில் ஏசிடிஎச் தூண்டல் சோதனை செய்தார்கள். ஏசிடிஎச் என்பது, சிறுநீரகத்தின் அருகிலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசோலைச் சுரக்க வைக்கும் ஹார்மோன். முதலில் ரத்தம் எடுத்து, ஏசிடிஎச் ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டிலும் கார்டிசோலை அளப்பது இதன் முறை. இரண்டுமே அடிமட்டத்தில் இருந்தன. கார்டிசோல் மிகுவதால் நாய்க்குத் தானாக வரும் குஷிங் நோயில் ஊசிக்குப் பிறகு கார்டிசோல் வழக்கமாக எகிறும். தாகம், பசி, தொங்கும் வயிறு எனக் குஷிங் போன்ற தோற்றம் இருந்தும் எண் எழும்பவே இல்லை என்றால், வெளியிலிருந்து ஸ்டீராய்டு உடம்புக்குள் போய் அட்ரினல் சுரப்பியைத் தூங்க வைத்திருக்கிறது என்று பொருள். அந்த நாய்க்கு வேறு ஸ்டீராய்டு மாத்திரையோ களிம்போ கொடுக்கப்படவில்லை. நாய் பிழைத்தது, அரிப்பும் திரும்பி வந்தது. விற்றவர் எண்ணைத் தடுத்துவிட்டார், பணம் திரும்பவில்லை.

இப்படிக் கலப்பது எளிது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வழக்கமாகக் கொடுக்கப்படும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு வீரியமுள்ளது. அரை மில்லிகிராம் போதும், ஏழு கிலோ நாயின் அரிப்பு அடங்கிவிடும். ஒரு கரண்டிப் பொடியில் அதைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. அதன் வேலை ஒன்றரை நாளுக்கு மேல் நீடிப்பதால், தினமும் இருவேளை கொடுத்தால் சுரப்பிக்கு மூச்சுவிட நேரமே கிடைக்காது. மனிதர்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது: லண்டனில் தோல் நோய்க்குக் கொடுக்கப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்தபோது 8-இல் டெக்ஸாமெத்தசோன் இருந்ததாக 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது.

உண்மையான மூலிகை மருந்து வேகமாக வேலை செய்யாது. நாய்களில் முறையாக ஆராயப்பட்ட ஒரு கலவை உண்டு: ரெமானியா, பியோனி, சீன அதிமதுரம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. அதன் அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம், பலனை மதிப்பிட்டது 12 வாரம் வரை. பத்துக் கிலோ நாய்க்குத் தினமும் இரண்டு கிராம் பொடி! துளிப் பொடி இரண்டே நாளில் சொறிதலை நிறுத்துகிறது என்றால், அந்த வேலையைச் செய்வது மூலிகை அல்ல.

சீன மருத்துவத்தை ஒழுங்காகக் கற்ற கால்நடை மருத்துவர் நாயின் நாக்கின் நிறத்தைப் பார்ப்பார், பின்தொடையின் உட்புறத்தில் நாடி பிடிப்பார். ஈரக்கசிவோடு சிவந்து நாறும் தோலுக்கு ஒரு கலவை, முடி உலர்ந்து பொடுகு உதிரும் கிழநாய்க்கு வேறொன்று. படத்தைப் பார்த்து எல்லா நாய்க்கும் ஒரே டப்பாவை அனுப்புகிறவருக்கும் அந்த மருத்துவத்துக்கும் சம்பந்தமில்லை.

மூலிகைகள் பட்டியலிடப்பட்டிருந்தாலும் 'மு தோங்' என்ற மூலிகை இருக்கிறதா என்று பாருங்கள். அரிப்புக்கான பழைய கலவையான சியாவ் ஃபெங் சானில் சிள்வண்டின் சட்டை, எள், ஜிப்சம், அதிமதுரம் ஆகியவற்றோடு இதுவும் உண்டு. அதற்குப் பதிலாக நெடுங்காலம் ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடியொன்று கலக்கப்பட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை மீளாதபடி அழித்துப் புற்றுநோயையும் உண்டாக்கும். சீனாவே 2003-இல் அந்தச் செடியைத் தடைசெய்தது. பெயர் தெரியாத பழைய சரக்கில் எது இருக்கிறதென்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து சட்டென்று நிறுத்தாதீர்கள். முதலில் நாய் குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கழியுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது பத்துக் கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். டப்பாவையும் கொண்டுபோய், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் குறைந்த அளவு பிரெட்னிசோலோனுக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார். கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தை இதோடு சேர்க்கவே கூடாது, இரைப்பை புண்ணாகி ஓட்டை விழலாம். மலம் கறுத்தால் அது உள்ரத்தக்கசிவின் அடையாளமாக இருக்கலாம்.

இன்னொரு கேடும் உண்டு. மறைந்த ஸ்டீராய்டு, அரிப்பின் காரணத்தையே மூடிவிடுகிறது. முடிக்குழிகளில் வாழும் டெமோடெக்ஸ் உண்ணி அதில் செழித்துப் பெருகும், ஈஸ்ட் என்னும் பூஞ்சைத் தொற்று மோசமாகும். தெள்ளு, சிரங்குண்ணி, ஈஸ்ட் இம்மூன்றையும் முதலில் விலக்கி, பிறகு குறைந்தது எட்டு வாரம் ஒரே வகைப் புரதமுள்ள உணவை மட்டும் கொடுத்து, அரிப்பு உணவு ஒவ்வாமையாலா என்று பார்ப்பதுதான் முறையான வரிசை. இடையில் இந்தப் பொடி நுழைந்தால் அந்த எட்டு வாரமும் வீண்.

மிச்சப் பொடியைக் குப்பையில் போடாதீர்கள். டப்பாவை மூடி, உலர்ந்த இடத்தில் வைத்து, லேபிள், ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பும்போது டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகிய ஸ்டீராய்டுகள், ஒவ்வாமை மருந்தான குளோர்ஃபெனிரமின் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "மூலிகைச் சோதனை" என்றால் இவற்றைத் தேட மாட்டார்கள். பதிவு எண் போட்டிருந்தால் மலேசியாவின் மருந்துப் பதிவு அமைப்பான என்பிஆர்ஏ-வின் தளத்தில் தேடி, அதே பெயரில் வேறு மருந்து வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, புகாரையும் அங்கேயே கொடுங்கள்.