தாளிலிருந்து திரைக்கு வந்த தொல்லுயிர்த் தொகுதிகள்
முதுகெலும்பற்ற தொல்லுயிர்களைப் பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு) வாரியாக விவரிக்கும் ‘ட்ரீட்டிஸ் ஆன் இன்வெர்டிபிரேட் பேலியன்டாலஜி’, ரேமண்ட் மூர் தொடங்கிவைத்து 1953 முதல் வெளிவரும் நூல் வரிசை. பிராக்கியோபாடு என்னும் இரண்டு ஓடுகளுள்ள கடல் உயிரிகளுக்கு 1965இல் இரண்டு புத்தகங்கள் போதுமாயிருந்தன. 1997இல் வரத் தொடங்கிய திருத்தப் பதிப்போ ஆறு தொகுதிகளாக வளர்ந்து 2007இல்தான் நிறைவுற்றது. எழுதி முடித்த அதிகாரமும் முழுத் தொகுதிக்காகக் காத்துக் கிடந்த அந்த வழக்கத்தை, அதிகாரங்களைத் தனித்தனியே இணையத்தில் வெளியிடும் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ‘ட்ரீட்டிஸ் ஆன்லைன்’ மாற்றியிருப்பதே பெரிய லாபம். தடித்த புத்தகத்தில் உருப்பெருக்கியை வைத்துத் தேடிய ஓட்டின் வரிகளை இப்போது பிடிஎஃப் கோப்பில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனாலும் பிடிஎஃப் என்பது திரைக்கு வந்த தாள்தான். ஜுராசிக் காலப் பேரினங்களை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுக்க விரும்புபவர் பழையபடி பக்கங்களைப் புரட்டியே ஆக வேண்டும்.