கள்ளக்கடல் வீடியோவைச் சரிபார்க்க இன்விட்-வீவெரிஃபை: புது நிருபர்களுக்கு ஒரு மதிப்பீடு

கள்ளக்கடல் (உள்ளூரில் காற்று இல்லாதபோதும் திடீரெனக் கரையேறும் பேரலை) எச்சரிக்கை வந்தால் போதும், "குளச்சலில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். செய்தியாக்கும் முன் அதைச் சோதிக்க, புதிதாகச் சேரும் நிருபருக்கு முதலில் பழக்க வேண்டியது இன்விட்-வீவெரிஃபை. குரோமில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன், இலவசம். ஆண்ட்ராய்டு போன் குரோமில் ஓடாது, கம்ப்யூட்டர் வேண்டும்.

இதன் உயிர் 'கீஃப்ரேம்ஸ்' பகுதிதான். வீடியோ லிங்க்கை ஒட்டினால் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும். கையில் ஃபைல்தான் இருக்கிறதென்றால் அதையே ஏற்றலாம். பிறகு அந்தப் படத்தில் ரைட் கிளிக் செய்து, அதே படம் முன்பு எங்கே வந்தது என்று காட்டும் கூகுள், யாண்டெக்ஸ், டின்ஐ (TinEye) தேடல் தளங்கள் ஒவ்வொன்றிலும் தேட வேண்டும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். வெறும் அலை தெரியும் படத்தைத் தேடினால் ஊரில் உள்ள அலையெல்லாம் வந்து நிற்கும். குருசடி (சிலுவை நிற்கும் சிற்றாலயம்), கடை போர்டு, தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) தெரிகிற படமாகப் பொறுக்குங்கள். அடியில் ஒட்டிய 'பிரேக்கிங்' பட்டையை வெட்டிவிடுங்கள், இல்லையேல் தேடல் பட்டையைத்தான் பிடித்துக்கொள்ளும். டின்ஐயில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். அதே காட்சி 2017 ஒக்கிப் புயல் நாட்களிலேயே வந்திருந்தால் அது இன்றைய கடல் இல்லை. ஒன்றும் அகப்படவில்லை என்பதற்காக வீடியோ புதிது என்று முடிவுகட்டக் கூடாது.

படத்தைப் பெரிதாக்கும் வசதி அருமை. படகில் ஐஎன்டி-டிஎன்-15 என்றிருந்தால் குமரி மாவட்டப் பதிவு, ஐஎன்டி-கேஎல் என்றால் கேரளம். வண்டியில் டிஎன்-74 நாகர்கோவில், டிஎன்-75 மார்த்தாண்டம். ஆனால் மார்த்தாண்டம் வண்டி திருவனந்தபுரத்துக்குத் தினமும்தான் போகிறது. எண் சொல்வது பதிவை மட்டுமே, இடத்தை அல்ல.

மெட்டாடேட்டா (படம் எடுத்த நேரம், கேமரா போன்ற உள்விவரம்) பகுதி வாட்ஸ்அப் படங்களுக்கு உதவாது, அனுப்பும்போதே அந்த விவரம் அழிந்துவிடும். எடுத்தவரைப் பிடித்து, மூலப் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

குறைகள்: தமிழில் இல்லை, சில உயர்நிலைக் கருவிகளுக்குத் தனிப் பதிவு கேட்கிறது.

மீதிப் பாதி வேலை போனில். குழுவின் அட்மினை விட்டுவிட்டுக் கரையோரம் வீடு உள்ளவரைக் கூப்பிடுங்கள். "கடல் உள்ள வந்துச்சா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "அண்ணே, நீங்க கண்ணால பாத்தியளா, யாராவது அனுப்பித் தந்தாவளா? எங்க நின்னு பாத்திய? எத்தன மணி இருக்கும்? தண்ணி எதுவரைக்கும் வந்துது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவருக்குத் தொடர்பில்லாத இன்னொருவரிடம் அதே கேள்விகள்.