சென்னை வீட்டில் நிற்கும் காருக்கு ரீகால் மெசேஜ் வந்தால்

வெளிநாட்டில் இருப்பவர்களின் கார் அடையாறிலோ கே.கே. நகரிலோ உறை போட்டு நிற்கும். அப்பா வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைப்பார். ஆர்.சி.யில் பதிவான மொபைல் எண் என்றைக்கோ செத்துப்போயிருக்கும். தயாரிப்புக் கோளாறைச் சரிசெய்ய கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பதுதான் ரீகால். கம்பெனி அனுப்பும் நிஜ ரீகால் தகவல் அந்தச் செத்த எண்ணுக்குப் போகும். போலி மட்டும் கையிலிருக்கும் போனுக்குத் தவறாமல் வந்து சேரும்.

போலி மெசேஜ் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “உங்கள் டிஎன் 07 வாகனத்தில் ஏர்பேக் கோளாறு. 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் ஆர்.சி. முடக்கப்படும். பதிவுக் கட்டணம் ரூ.49.” கீழே ஒரு லிங்க். வண்டி எண் சரியாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது நம்பர் பிளேட்டிலேயே ஊருக்கெல்லாம் தெரிவது. ரீகால் வேலைக்கு வண்டிக்காரர் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த 49 ரூபாய் அவர்களுக்கும் முக்கியமில்லை, கார்டு எண்ணும் ஓடிபியும்தான் குறி.

ரீகால் என்பது பெரும்பாலும் மாடலுக்கு மொத்தமாக வருவதில்லை. 2020 ஜூலையில் மாருதி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களை ஃப்யூயல் பம்ப் சந்தேகத்தில் திரும்ப அழைத்தது. குறிப்பிட்ட தேதிகளுக்கு இடையில் தயாரான வண்டிகள் மட்டுமே அதில் சேர்ந்தன. பக்கத்து வீட்டு பலேனோ பட்டியலில் இருக்கும், உங்களுடையது இருக்காது. இதைத் தீர்மானிப்பது 17 இலக்கச் சேசிஸ் எண். ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் அச்சாகியிருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம். டைப் பண்ணும்போது பெரும்பாலும் இங்கேதான் தப்பு நடக்கிறது.

மெசேஜில் உள்ள லிங்கையும் எண்ணையும் தொடாமல், கம்பெனி இணையதள முகவரியை நீங்களே டைப் செய்து ரீகால் பக்கத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பழைய சர்வீஸ் பில்லில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, “இந்தச் சேசிஸுக்கு கேம்பெயின் ஏதாவது பெண்டிங் இருக்கா?” என்று கேளுங்கள். சர்வீஸ் அட்வைசரின் பாஷையில் ரீகாலுக்கு கேம்பெயின் என்றுதான் பெயர். விமானம் ஏறும் முன்பே கேட்பது நல்லது. பார்ட்ஸ் இல்லையென்றால் வரவழைக்க நாளாகும், இரண்டு வார லீவில் அது கிடைக்காமலே போகலாம். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் ரீகால் வேலையைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பில்லில் அந்த வரிக்கு எதிரே பூஜ்யம் இருக்க வேண்டும். வீல் அலைன்மென்ட், ஏசி கிளீனிங் என்று கூடவே ஏற்றினால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அனுப்பியவர் பெயரையும் பாருங்கள். பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் அப்படியே டெலிட். முறையான கம்பெனி மெசேஜ் எழுத்துப் பெயரில் வரும், கடைசியில் கோடு போட்டு எஸ், டி, பி, ஜி என்ற எழுத்துகளில் ஒன்று நிற்கும். எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, பி என்றால் விளம்பரம், ஜி என்றால் அரசு. பெயர் சரியாக இருந்தாலும் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்ப்பதை விடாதீர்கள்.

இதே வித்தை வாட்ஸ்அப்பில் டிராஃபிக் சலான் வேஷத்தில் இன்னும் அதிகமாக நடக்கிறது. அங்கே ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல், வரும். இன்ஸ்டால் செய்து எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் வங்கி ஓடிபி நேராக அவர்கள் கைக்குப் போகும். நிஜ சலானை அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனில் பார்க்கலாம். முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக ‘டாட் கவ் டாட் இன்’ இருக்க வேண்டும். அதன் பின்னால் இன்னொரு ‘டாட்’ ஒட்டிக்கொண்டிருந்தால் போலி.

தெரியாமல் இன்ஸ்டால் செய்துவிட்டால் முதலில் ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லிவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்கு அந்த மொபைல் எண்ணோடு இணைந்திருந்தால் அதையும் வங்கியிடம் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நீங்கள் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். பிறகுதான் போனை ஃபேக்டரி ரீசெட் செய்வது.

அமெரிக்காவில் விட்டு வந்த காருக்கு மெசேஜ் வந்தாலும் வழி இதேதான். அங்கே ரீகால் கடிதம் தபாலில் வந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்சாவின் (NHTSA) தளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு சென்னையிலிருந்தே பார்த்துவிடலாம்.

சென்னைக்கு வந்ததும் வாங்கும் புது சிம்மில் இன்னொரு சங்கதி. ரீசார்ஜ் இல்லாமல் கிடந்த எண்கள் சில மாதம் கழித்து வேறொருவருக்குப் போய்விடும். நீங்கள் வாங்கியது அப்படிப்பட்ட எண்ணாக இருந்தால், முன்பு வைத்திருந்தவரின் வண்டிக்கான நிஜ மெசேஜே உங்களுக்கு வரும். ரீகால் உண்மை, கார்தான் உங்களுடையது இல்லை.