ஆக்ஸ், என்விடிஏ: ஒன்று மட்டும் இருந்தால் போதாது

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைக்கோ காசிமேட்டு மீன் வியாபாரிக்கோ இணையதளம் செய்து தரும் சிறு குழுக்கள், அணுகல்தன்மைச் சோதனை (பார்வையற்றோர் உட்பட எல்லோராலும் தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்ப்பது) என்றாலே செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகின்றன. ஆக்ஸ், என்விடிஏ என்ற இந்த இரண்டு சோதனைக் கருவிகளுக்கும் காசே வேண்டாம். ஆக்ஸ், பக்கத்தின் அணுகல் குறைகளைத் தானாகத் தேடும், பிரௌசரில் போடும் எக்ஸ்டென்ஷன். அதன் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குப் போதும். என்விடிஏ, 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய விண்டோஸ் ஸ்கிரீன் ரீடர்; திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும்.

பக்கம் பக்கமாக ஓட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். டெலிவரி ஏரியா டிராப்டவுன் நாற்பது பக்கத்தில் வந்தாலும் அதன் நிரல் ஒன்றுதான். அதைத் தனியாக ஒரு பக்கத்தில் வைத்து, மூடியபடி ஒருமுறை, திறந்து ஒருமுறை, பிழைச் செய்தி தெரியும்போது ஒருமுறை ஆக்ஸை ஓட்டுங்கள். மறைந்திருக்கும் பட்டியலை ஆக்ஸ் பார்க்காது என்பதால்தான் இந்த மூன்று தடவை. லேபிள் இல்லாத பெட்டி, பின்னணியோடு மாறுபாடு 4.5:1-க்குக் கீழே போன எழுத்து நிறம் எல்லாம் நொடியில் சிக்கும்.

சிக்காதது எது? வெறும் டிவ்-இல் (div, தான் என்ன என்று எதுவும் சொல்லாத HTML பெட்டி) கிளிக் மட்டும் மாட்டிய டிராப்டவுன். ஆக்ஸ் ஒரு குறையும் சொல்லாது. மவுஸைத் தள்ளிவைத்து டேப் கீயை அழுத்துங்கள்: பெயர்ப் பெட்டியிலிருந்து நேராக ‘ஆர்டர் செய்’ பட்டனுக்குத் தாவிவிடும். ராயபுரமா, தண்டையார்பேட்டையா என்று சொல்ல வழியே இல்லை. என்விடிஏவும் அதை டிராப்டவுன் என்று சொல்லாது. சாதாரண செலக்ட் (select, HTML-இன் சொந்த டிராப்டவுன்) போட்டாலே இது தீரும். அழகு கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

தமிழ்த் தளங்களில் இன்னொரு ஓட்டை. பக்கம் எந்த மொழி என்று சொல்லும் குறி (lang), டெம்ப்ளேட்டில் வந்த ஆங்கிலமாகவே கிடக்கும். குறி இருக்கிறது என்பதோடு ஆக்ஸ் திருப்திப்படும்; என்விடிஏவோ ஆங்கிலக் குரலில் தமிழை வாசிக்கப் பார்த்துத் தடுமாறும். குறியைத் தமிழுக்கு மாற்றினால், என்விடிஏவுடன் கூடவே வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருள் தமிழில் வாசிக்கும். குரல் இயந்திரத்தனம்தான், சோதனைக்குப் போதும்.

என்விடிஏவின் டூல்ஸ் மெனுவில் உள்ள ஸ்பீச் வியூவர் அருமையானது. பேசுவதெல்லாம் எழுத்தாக வரும். அப்படியே படம்பிடித்து டெவலப்பருக்கு அனுப்பலாம். புதியவர்கள் தடுக்கி விழும் இடம், பக்கத்தை வாசிக்கும் பிரௌஸ் மோடும் பெட்டிகளில் தட்டச்சு செய்யும் ஃபோகஸ் மோடும். அம்புக்குறி வேலை செய்யவில்லை என்று பிழை எழுதுமுன் இன்சர்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மோடை மாற்றிப் பாருங்கள்.

என்விடிஏ போனில் ஓடாது. ஆர்டர் போனில்தான் வருகிறது என்றால், அதே டிராப்டவுனை ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கிலும் ஒருமுறை ஓட்டியே ஆக வேண்டும்.