ஒரே போட்ல 24 வோல்ட், 12 வோல்ட்: ஃபியூஸா, டிசி பிரேக்கரா?

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 முடியறதுக்குள்ள எங்க போட்டுக்கு ஒயரிங்கை முழுசா மாத்திட்டோம். கடலூர் முதுநகர் துறைமுகத்துல பாக்கறவங்க எல்லாம் "ஏம்பா பிரேக்கரைக் கழட்டிட்டு பழையபடி ஃபியூஸுக்குப் போனீங்க"ன்னு கேக்கறாங்க, அதான் எழுதறேன்.

எங்களுக்கு ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரிஸ்ல, ஸ்டார்ட்டரும் லைட்டும் 24ல ஓடும். ஜிபிஎஸ், ஆழம் பாக்கற எக்கோ சவுண்டர், வயர்லெஸ் மூணும், 24ஐ 12ஆ குறைக்கற 20 ஆம்ப் கன்வெர்ட்டர் வழியா 12ல.

பிரேக்கர்ல வசதி என்னன்னு எல்லாருக்கும் தெரியும், விழுந்தா தூக்கி விட்டா போதும், ஸ்பேர் தேட வேணாம். வாங்கறப்ப மேல டிசி எத்தனை வோல்ட்னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, பிளஸ் மைனஸ் குறி இருந்தா அதும்படிதான் மாட்டணும்.

ஆனா விஷயமே கன்வெர்ட்டருக்கு அந்தப் பக்கம், 12 வோல்ட் லைன்லதான் இருக்கு. பேட்டரில நேரா ஷார்ட் ஆனா ஆயிரம் ஆம்புக்கு மேல பாயும், எதை மாட்டினாலும் உடனே விழுந்துடும். கன்வெர்ட்டர் அப்படியில்ல, தன்னைக் காப்பாத்திக்க 20 ஆம்ப் கிட்டயே கரண்ட்டைப் பிடிச்சு நிறுத்திடும். சி டைப்னு (எத்தனை மடங்கு கரண்ட்ல உடனே விழும்ங்கறதுக்கான குறி) போட்ட 10 ஆம்ப் பிரேக்கர் பட்டுன்னு விழணும்னா அஞ்சுலருந்து பத்து மடங்கு, அதாவது 50 ஆம்பாவது வேணும். அது வரவே வராது. அப்புறம் பிரேக்கருக்கு உள்ள இருக்கற உலோகப் பட்டை சூடாகி விழுந்தாதான் உண்டு, அதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகும், அந்த ஒரு நிமிஷமும் ஒயர்தான் வேகுது. போன தை மாசம் ராத்திரி நடுக்கடல்ல வயர்லெஸ் செட்டுக்குப் பின்னாடி இதேதான் நடந்துச்சு, சிவப்பு ஒயர் தோல் உருகி மரத்துல ஒட்டிக்கிச்சு, வீல் ஹவுஸ் பூரா புகை, டிரைவர் அண்ணன் ஓடிப்போய் கேபிளைப் பிடுங்கினப்பவும் பிரேக்கர் தூக்கினபடியேதான் நின்னுச்சு.

இப்ப ஜிபிஎஸ்க்கு 3, எக்கோ சவுண்டருக்கு 5, வயர்லெஸுக்கு 7.5 ஆம்ப்னு தனித்தனி பிளேடு ஃபியூஸ் (கார்ல இருக்கற மாதிரி ரெண்டு கால் வெச்ச கலர் பிளாஸ்டிக் ஃபியூஸ்). 7.5க்கு 20ங்கறது ரெண்டரை மடங்குக்கு மேல, அஞ்சு செகண்டுக்குள்ள போயிடும். 5 ஆம்ப் அரை செகண்டுகூட தாங்காது.

ஃபியூஸ்லயும் தொல்லை இருக்கு. உப்புக் காத்துல ஹோல்டர் பச்சை பூத்துடும், மாசம் ஒரு தடவை கழட்டித் துடைச்சு வாசலின் தடவணும். அதைவிட மோசம், எல்லா ஆம்ப்பும் ஒரே சைஸ். அவசரத்துல பிரவுன் 7.5 இருந்த இடத்துல மஞ்சள் 20ஐ சொருகிடுவாங்க, சில பேர் செம்புக் கம்பியே சுத்திடுவாங்க. ஃபியூஸ் காப்பாத்தறது செட்டை இல்ல, ஒயரைத்தான், ஒயர் தாங்கறதுக்கு மேல போட்டா போடாத மாதிரிதான்.

பேட்டரி பக்கத்துலயே லைட் லைனுக்கு மட்டும் டிசி பிரேக்கரை விட்டு வெச்சிருக்கோம், ஒரு சீசன்தான் ஓடியிருக்கு, இதுவரைக்கும் நல்லா இருக்கு.

இன்னொண்ணு, 24 ஒயர் தோல் உரிஞ்சு 12 ஒயர்ல பட்டா ஜிபிஎஸ் செத்துடும், ரெண்டுல எதுவும் அதைத் தடுக்காது. அதனால ரெண்டையும் வேற வேற பைப்ல இழுத்துட்டோம். ஸ்பேர் ஃபியூஸை பிளாஸ்டிக் டப்பால போட்டு ஹோல்டருக்கு மேலயே ஆணி அடிச்சு மாட்டியாச்சு, உள்ள 3, 5, 7.5 மட்டும்தான், 20 ஒண்ணுகூட போட்ல கிடையாது.