மொரிஸ் மைனருக்கு ஹான்ட்பிரேக் லைட்: எந்த சுவிட்ச், எந்த லைட்?

பழைய பிரிட்டிஷ் காரான மொரிஸ் மைனரில் ஹான்ட்பிரேக்கை ஒரு பல் (ஒரு 'கிளிக்') இழுத்தபடி மறந்து ஓட்டினால் கார் நிற்காது, கொஞ்சம் சோம்பலாக ஓடும், அவ்வளவுதான். 1098 சிசி எஞ்சின் அந்த இழுவையைச் சமாளித்துவிடும். பின் டிரம் சூடேறி, லைனிங் கருகிய வாசம் வந்த பிறகுதான் விஷயம் தெரியும். இதற்கு எச்சரிக்கை லைட் எதையும் கம்பனி வைக்கவில்லை. நாமே பூட்டலாம், பெரிய வேலையில்லை. ஆனால் எல்லோரும் லைட்டைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். பிறகு கழுத்தறுப்பது சுவிட்ச்.

ஹான்ட்பிரேக் லீவர் கீழே படுத்திருக்கும் இடம் என்றைக்கும் ஒன்றுதான். மேலே நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்: பிரேக் ஷூ புதிதாக இருக்கும்போது மூன்றாம் பல்லில் பிடிப்பது, தேய்ந்த பிறகு ஆறாம் பல்லில்தான் பிடிக்கும். அதனால் லீவர் கீழே இருக்கிறதா என்றுதான் சுவிட்ச் பார்க்க வேண்டும். மேலே வந்துவிட்டதா என்று பார்க்கும்படி வைத்தால் முதல் பல்லில் லைட் எரியாது. நமக்குத் தொல்லை தருவதே அந்த முதல் பல்தான்.

இந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்துவது கார்க் கதவின் உள் லைட் சுவிட்ச். அமுக்கினால் இணைப்பு விடும், விட்டால் இணையும். லீவர் கீழே வந்து அதை அமுக்கும்போது லைட் அணையும். எர்த் (காரின் உடம்பு வழியாகப் பற்றரியோடு சேரும் பாதை) சுவிட்சின் உடம்பு வழியாகவே போவதால் ஒரே வயர் போதும். எந்த உதிரிப்பாகக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். ஒரு சிறிய எல் வடிவத் தகட்டில் மாட்டி, லீவரைத் தாங்கும் போல்ட்டிலேயே பிடித்துவிட்டால் தரையில் துளை போடவும் தேவையில்லை. தகட்டின் துளையை நீளவாக்கில் ராவி வைத்தால் முதல் பல்லிலேயே எரியும்படி முன்பின் நகர்த்தலாம். குறை என்றால் ஈரம். மைனரின் தரைவிரிப்பு மழையில் நனையாமல் இருந்தால் அதிசயம். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வாஸ்லின் தடவி விட வேண்டும்.

மைக்ரோ சுவிட்ச் இதைவிடத் துல்லியம், சத்தமும் சுத்தமாக 'டிக்'. ஆனால் இரண்டு வயர் இழுக்க வேண்டும், லீவர் வேகமாக விழுந்து இடித்தால் அதன் மெல்லிய தகடு வளையும். காந்தமும் ரீட் சுவிட்சும் சேர்ந்த முறை கேட்க அழகு. சாதாரண ரீட், காந்தம் நெருங்கினால் இணையும். நமக்கு வேண்டியது நேரெதிர். அதற்கு மூன்று கால் உள்ள ரீட் தேட வேண்டும். போதாக்குறைக்குச் சுற்றிலும் இரும்பு, இழை பல்ப் எரியத் தொடங்கும் கணத்தில் பாயும் மின்சாரத்தில் ரீட்டின் முனைகள் ஒட்டிக்கொள்ளவும் கூடும். எனக்கு இது வேண்டாத வித்தை.

இனி லைட். பிந்திய மைனர்களின் ஸ்பீடோமீற்றருக்குள் ஒயில் பில்டர் எச்சரிக்கைக்கு ஒரு சிறு பல்ப் உண்டு. பல கார்களில் அது இன்று வேலை செய்யாமல் சும்மாதான் கிடக்கிறது. அதன் இன்னொரு முனை ஏற்கெனவே எர்த்தைத் தேடிப் போகும் வயர். பில்டரிலிருந்து கழற்றி நம் சுவிட்சுக்குக் கொண்டுவந்தால் முடிந்தது. டாஷ்போர்டில் ஒரு துளையும் இல்லை. மீற்றர் நடுவில் இருப்பதால் பக்கத்தில் இருப்பவரும் பார்த்துச் சொல்லலாம், மனைவியென்றால் கட்டாயம் சொல்வார். பழைய மீற்றர் உள்ளவர்கள் டாஷ்போர்டுக்குக் கீழே சாமான் வைக்கும் தட்டான பார்சல் ஷெல்ஃபின் அடியில் தனிச் சிவப்பு லைட் வைக்கலாம். பியூஸ் பெட்டியின் ஏ4 முனையில் உள்ள பச்சை வயரில் மின்சாரம் எடுத்தால், சாவி போட்டால் மட்டும் எரியும். அசல் டாஷ்போர்டைத் துளைப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எல்இடி வெயிலில் பளிச்சென்று தெரியும். ஆனால் மைனர் கடைசிவரை பொசிற்றிவ் எர்த் கார், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் காரின் உடம்பில் பிடித்திருக்கும். அப்படியே இருக்கும் காரில் எல்இடியின் சிவப்பு வயர் சுவிட்ச் பக்கமும், கறுப்பு வயர் மின்சாரம் வரும் பக்கமும் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் எரியாது. 2.2 வாட் இழை பல்புக்கு இந்தத் தலையிடி இல்லை. இலங்கையில், முக்கியமாகப் பெட்ரோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தைக் கண்ட யாழ்ப்பாணத்தில், பழைய கார்களின் வயரிங்கில் எத்தனை கை பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றியவையும் உண்டு. வயரின் நிறத்தை நம்பாமல், பற்றரியின் எந்த முனை காரின் உடம்பில் பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பஸ்ஸர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நுவரெலியா ஏற்றத்தில் வாகன வரிசையில் ஹான்ட்பிரேக்கை இழுத்தபடி பத்து நிமிடம் நின்று பாருங்கள். அன்று மாலையே வயரை வெட்டிவிடுவீர்கள்.

என் தேர்வு கதவு சுவிட்சும் பில்டர் பல்பும்தான். பூட்டிய பிறகு சோதிக்கத் தனி வேலையும் இல்லை. ஹான்ட்பிரேக் இழுத்து நிறுத்திய காரில் சாவியைத் திருப்பும்போது லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கிறது, இல்லையென்றால் எர்த் துருப்பிடித்திருக்கிறது.